பிலிப்பைன்ஸ் சிற்றூர்க் காதல் கதைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மணிலாவுக்கு வெளியே, சொந்த ஊர்களில் நடக்கும் பிலிப்பைன்ஸ் காதல் சிறுகதைகளைப் படித்து, பிடித்தவற்றை நண்பர்களுக்கு அனுப்பி வைப்பது என் வழக்கம். திரும்பி வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கின்றன. ஆளுக்கு ஆள் பதில் எழுதுவதைவிட ஒரே இடத்தில் போட்டு வைக்கலாம் என்று இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன்.

"புரொபின்சியா, புரொபின்சியான்னு சொல்றாங்களே, அது ஒரு குறிப்பிட்ட இடமா?"

இல்லை. நாட்டில் 82 மாகாணங்கள் இருக்கின்றன. ஆனால் பேச்சில் புரொபின்சியா என்றால் மணிலா பெருநகரத்துக்கு வெளியே உள்ள எந்த ஊரும்தான். மணிலாவில் வேலை பார்ப்பவரிடம் "உன் புரொபின்சியா எது?" என்று கேட்டால் சொந்த ஊரைக் கேட்கிறார்கள் என்று பொருள். அங்கே ஒரு வருடம்கூட வசிக்காதவரும் அப்பா பிறந்த ஊரின் பெயரைத்தான் சொல்வார்.

கதைகளில் வரும் ஊரின் அமைப்பை ஒரு முறை மனதில் வாங்கிக்கொண்டால் போதும். நடுவில் பிளாசா என்னும் சதுக்கம், அதைப் பார்த்தபடி தேவாலயம், பக்கத்தில் நகராட்சி அலுவலகம், கொஞ்சம் தள்ளிச் சந்தை. ஸ்பானியர் காலத்து அமைப்பு இது. இந்த மையப் பகுதிக்குப் பெயர் பொப்லாசியோன். சுற்றியுள்ள குடியிருப்புகள் பரங்காய்கள். 1974 வரை அவற்றைப் பாரியோ என்றார்கள், அதனால் பழைய கதைகளில் பாரியோ என்றே இருக்கும். பையன் பாரியோவிலும் பெண் பொப்லாசியோனில் உள்ள மரவீட்டிலும் இருந்தால், அந்த மண்சாலையின் தூரத்திலேயே கதையின் பாதிச் சிக்கல் வந்துவிடுகிறது.

"ஏன் எல்லாக் கதையிலும் யாராவது ஊருக்குத் திரும்பி வந்துகிட்டே இருக்காங்க?"

இலக்கியக் காரணம் ஒன்று உண்டு. ஹோசே ரிசாலின் 'நோலி மெ தாங்கெரே' (1887) நாவலே ஐரோப்பாவில் ஏழு வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பும் இபார்ராவின் கதைதான். காதலி மரியா கிளாரா காத்திருக்கிறாள். சான் தியேகோ என்ற கற்பனை ஊர் இருவரையும் கவனித்துக்கொண்டே இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படிக்கும் நாவல் இது. அதற்குப் பிறகு எழுத வந்த யாருக்கும் ஊர் திரும்பும் காதலன் என்பவன் புதிய ஆள் இல்லை.

மற்றக் காரணம் வேலை. 1974இன் தொழிலாளர் சட்டத்துக்குப் பிறகு வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புவது அரசின் கொள்கையாகவே ஆனது. இன்று சவூதியில், ஹாங்காங்கில், கப்பல்களில் வேலை செய்கிறவர்கள் இருபது லட்சத்துக்கு மேல். ஊர் திரும்புகிறவருக்குப் பாலிக்பயன் என்று பெயர். 1973இல் மார்கோஸ் அரசு வெளிநாட்டுப் பிலிப்பினோக்களை விடுமுறைக்கு ஊருக்கு அழைக்க ஒரு திட்டம் போட்டபோது அந்தப் பெயர் நிலைத்தது. அவர் அனுப்பும் அட்டைப்பெட்டியில் சோப்பு, சாக்லேட், டின் இறைச்சி, செருப்பு என்று உறவில் எல்லோருக்கும் ஏதோ ஒன்று இருக்கும். முன்னாள் காதலிக்கும் ஒரு பொருள் அதில் வருகிறதா, வந்தால் அதை யார் பிரித்துப் பார்த்தார்கள் என்பதை வைத்தே ஒரு முழுச் சிறுகதை எழுதிவிடலாம்.

"இதெல்லாம் எங்கே வெளியாகுது? பாக்கெட் நாவல் மாதிரியா?"

ஒரு கிளை அப்படித்தான். 1980களிலிருந்து தகாலோக் மொழியில் கையடக்கமான காதல் நாவல்கள் வந்தன. அவற்றில் பிரெஷியஸ் ஹார்ட்ஸ் ரொமான்சஸ் வரிசை பெரிய பெயர். 2009இல் அந்த வரிசைக் கதைகள் தொலைக்காட்சித் தொடராகவும் வரத் தொடங்கின. பிறகு யார் வேண்டுமானாலும் கதை எழுதிப் போடக்கூடிய வாட்பேட் இணையத்தளம் வந்தது. அதில் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் எழுதிய கதைகள் 2014 வாக்கில் திரைப்படங்களாயின. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு, மினா எஸ்கெர்ரா 2013இல் தொடங்கிய ரொமான்ஸ்கிளாஸ் என்ற எழுத்தாளர் குழு இருக்கிறது.

ஆனால் நெடுங்காலம் சிறுகதையின் உண்மையான வீடாக இருந்தவை வார இதழ்கள். தகாலோக்கில் லிவாய்வாய் (1922), செபுவானோவில் பிசாயா (1930), இலோகானோவில் பன்னவாக் (1934), ஹிலிகாய்னோன் மொழியில் அதே பெயரில் ஓர் இதழ் (1934). சிகை அலங்காரக் கடையிலும் பஸ் நிலையத்திலும் கைமாறிப் படிக்கப்பட்ட இதழ்கள் இவை. காதல் கதை இல்லாமல் இவை வந்த வாரம் இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

"நான் எந்தக் கதையிலிருந்து ஆரம்பிக்கணும்?"

ஆங்கிலத்தில் படிக்கலாம் என்றால் இரண்டு. முதலாவது மனுவேல் அர்கில்லாவின் 'ஹவ் மை பிரதர் லியோன் பிராட் ஹோம் எ வைஃப்'. களம் லா யூனியன் மாகாணம், பவாங் பகுதியின் நக்ரெப்கான், அதாவது அர்கில்லா பிறந்த கிராமமேதான். அண்ணன் லியோன் நகரத்துப் பெண் மரியாவை மணந்து ஊருக்கு அழைத்து வருகிறான். அழைத்துவரப் போகும் சிறுவன் பால்டோ கதையைச் சொல்கிறான். அப்பாவின் உத்தரவுப்படி அவன் குதிரை வண்டியை விட்டுவிட்டு மாட்டு வண்டி கொண்டு போகிறான், பெரிய சாலையை விட்டுவிட்டு வறண்ட ஆற்றுப்படுகை வழியே ஓட்டுகிறான். இருட்டில், நட்சத்திரத்தின் கீழ், அந்தப் பெண் பயப்படுகிறாளா இல்லையா என்பதுதான் சோதனை. காதலர்கள் காதலைப் பற்றிப் பேசுவது மிகக் குறைவு. தம்பி பார்த்ததிலிருந்து நாம் எடுத்துக்கொள்கிறோம்.

இரண்டாவது பாஸ் மார்கெஸ் பெனிதெஸின் 'டெட் ஸ்டார்ஸ்' (1925). ஆங்கிலத்தில் எழுதப்பட்ட முதல் நவீனப் பிலிப்பைன்ஸ் சிறுகதை என்று பொதுவாக இதைச் சொல்வார்கள். நிச்சயிக்கப்பட்ட ஆண், ஊருக்கு விருந்தாளியாக வந்த இன்னொரு பெண், எட்டு வருடம் கழித்து அவள் ஊருக்கு அலுவல் காரணமாக ஒரு பயணம். முடிவைச் சொல்ல மாட்டேன். தலைப்பே பாதி சொல்லிவிடுகிறது.

"திருவிழாவும் விடியற்காலைப் பூசையும் இல்லாம ஒரு கதைகூட இல்லையே, இது சுற்றுலா விளம்பரமா?"

சில கதைகளில் அப்படித்தான். ஆனால் காரணம் எளியது: இளம்பெண்ணும் பையனும் யாரிடமும் காரணம் சொல்லாமல் ஒரே இடத்தில் நிற்கக்கூடிய நாட்கள் அவை. சிம்பாங் கபி என்பது டிசம்பர் 16 முதல் 24 வரை, விடியும் முன்பே நடக்கும் ஒன்பது பூசைகள். ஒன்பதையும் விடாமல் முடித்தால் வேண்டியது கிடைக்கும் என்ற நம்பிக்கை உண்டு. இருட்டில் வீட்டை விட்டுக் கிளம்ப அனுமதி, வெளியே வந்தால் அடுப்பிலிருந்து எடுத்த பிபிங்கா என்னும் அரிசிமாவுப் பணியாரம், ஊதா நிறப் புட்டு, இஞ்சிக் கஷாயம். ஒன்பது நாள் என்பதால் கதைக்கு ஓர் எண்ணிக்கையும் தானாக அமைகிறது. ஏழாம் நாள் அவன் வரவில்லை என்றால் வாசகருக்கு நெஞ்சு துடிக்கும்.

மே மாதத்தில் சான்டாகுரூசான் ஊர்வலம். ஊர்ப் பெண்களில் ஒருத்தி ரெய்னா எலேனாவாக, கடைசி ராணியாக நடப்பாள். பக்கத்தில் துணைக்கு நடக்கும் பையன் யார் என்பதில் ஊரே ஒரு கருத்து வைத்திருக்கும். புலாகான் மாகாணத்து ஒபாந்தோவில் மே 17, 18, 19 மூன்று நாளும் குழந்தை வரம் கேட்டும் துணை கேட்டும் தெருவில் ஆடுவார்கள். நவம்பர் 1ஆம் தேதி கல்லறைகளில் குடும்பமாக இரவு தங்குவார்கள். எனக்குப் பிடித்த சந்திப்புகள் அந்தக் கல்லறைக் கதைகளில்தான் இருக்கின்றன. மெழுகுவத்தி, சீட்டுக்கட்டு, சாப்பாடு, பக்கத்துக் குடும்பத்தின் கல்லறையில் உட்கார்ந்திருக்கும் பழைய வகுப்புத் தோழன். பெரியவர்கள் யாரும் தூங்கப் போவதில்லை என்பதால் அதீத நாடகத்துக்கும் இடம் இல்லை.

"அவளே அவனை 'குயா'ன்னு கூப்பிடுறா. அப்படின்னா அண்ணன் முறை இல்லையா?"

வயதில் மூத்த எந்த ஆணையும் அப்படிக் கூப்பிடலாம், டிரைசைக்கிள் ஓட்டுநர் உட்பட. நாம் ஆட்டோக்காரரை அண்ணா என்பது போலத்தான். இலோகானோ, ஹிலிகாய்னோன் பகுதிகளில் இதே இடத்தில் மனோங் வரும். மேலே சொன்ன பால்டோவும் அண்ணனை அப்படித்தான் அழைக்கிறான். காதல் கதையில் கவனிக்க வேண்டியது, அவள் எந்த வரியில் அந்தக் குயாவை விட்டுவிட்டு வெறும் பெயரைச் சொல்கிறாள் என்பது. நல்ல எழுத்தாளர்கள் அதைச் சத்தமில்லாமல் செய்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

"ரெண்டு பேரும் தனியா பேசவே மாட்டேங்கிறாங்க. இது எப்படிக் காதல் கதை?"

ஊர் முழுக்க அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அதனால்தான். பெட்டிக்கடை அளவுள்ள சாரி-சாரி கடையின் கம்பி வலைக்குப் பின்னால் ஒரு அத்தை, கூடைப்பந்துத் திடலில் நண்பர்கள், பூசைக்கு முன்வரிசையில் ஞானத்தாய். பிளாசாவின் பெஞ்சில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் அன்று இரவே அப்பாவுக்குச் செய்தி போய்விடும். இந்த வகைக் கதைகளில் ஊரும் ஒரு பாத்திரம், பல சமயம் மூன்றாவது காதலரைவிடத் தொல்லையான பாத்திரம்.

பழைய கதைகளில் இதற்கெல்லாம் முறை இருந்தது. ஜன்னலுக்குக் கீழே நின்று இரவில் பாடும் ஹரானா. பெண் வீட்டுக்குத் தண்ணீர் சுமந்து, விறகு பிளந்து தன்னை நிரூபிக்கும் பனினில்பிஹன். பிறகு பையன் வீட்டார் சாப்பாட்டோடு பெண் வீட்டுக்கு வந்து பேசும் பமமன்ஹிகன். முதல் இரண்டும் இப்போது பெரும்பாலும் பாட்டிகளின் ஞாபகத்தில்தான். மூன்றாவது இன்றும் நடக்கிறது. கதைகளில் நகைச்சுவை வேண்டும்போது இந்தச் சந்திப்பைத்தான் எழுதுவார்கள். இரு குடும்பமும் சாப்பாட்டைப் புகழ்ந்துகொண்டே பேரம் பேசும்.

"24 வயசுப் பொண்ணு, சம்பாதிக்கிறா. அப்பா சரின்னு சொல்லணும்னு ஏன் காத்திருக்கணும்?"

பாசம், பயம் எல்லாம் உண்டு. ஆனால் சட்டமும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1987இன் குடும்பச் சட்டப்படி 18 முதல் 21 வயதுக்குள் என்றால் பெற்றோர் சம்மதம் தேவை. 21 முதல் 25 வரை பெற்றோரின் ஆலோசனையைக் கேட்டாக வேண்டும். கேட்காவிட்டாலும், அவர்கள் வேண்டாம் என்றாலும், திருமண உரிமம் கிடைக்க மூன்று மாதம் தள்ளிப்போகும். தடுக்க முடியாது, தாமதப்படுத்தலாம். அந்த மூன்று மாதத்துக்குள் அவனுக்குக் கப்பல் வேலை வந்துவிட்டால்? கதாசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும்.

இன்னொன்று: உரிமத்துக்கு விண்ணப்பித்தவர்களின் பெயர்களைப் பதிவாளர் அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் பத்து நாள் ஒட்டி வைப்பார்கள். நகராட்சி அலுவலகம் பிளாசாவில்தானே இருக்கிறது, மீதியைச் சொல்லத் தேவையில்லை.

"பிரிஞ்சு வாழ்ற மனைவி இருக்கான்னு தெரிஞ்சதும் கதையே முடிஞ்ச மாதிரி எழுதுறாங்களே, விவாகரத்து பண்ணிட்டுப் போகலாமே?"

பிலிப்பைன்ஸில் விவாகரத்துச் சட்டம் கிடையாது. முஸ்லிம்களுக்கு மட்டும் 1977இன் தனிச் சட்டத்தில் இடம் உண்டு. வெளிநாட்டுக் கணவனோ மனைவியோ வெளிநாட்டில் விவாகரத்து வாங்கினால் ஒரு வழி உண்டு. மற்றவர்கள் திருமணம் செல்லாது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும், அதற்கு ஆகும் செலவு சாதாரணச் சம்பளக்காரருக்குக் கனவு. 2024 மே மாதம் கீழவையில் ஒரு விவாகரத்து மசோதா நிறைவேறியும் சட்டமாகவில்லை.

ஆகவே பத்து வருடமாகப் பிரிந்து வாழும் ஒருவனை அவள் விரும்பினால், கதைக்கு எளிய கதவு எதுவும் இல்லை. சில எழுத்தாளர்கள் மனைவியை வசதியாகச் சாகடிப்பார்கள். அப்படிப்பட்ட கதையை நான் அங்கேயே மூடி வைத்துவிடுவேன்.

"பண்ணை முதலாளி மகன், தோட்டக்காரர் பொண்ணு. இதெல்லாம் வெறும் கனவுதானே?"

காதல் கனவாக இருக்கலாம், பண்ணை நிஜம். நெக்ரோஸ் தீவின் பெரிய கரும்புப் பண்ணைகள்தான் பெரும்பாலும் களம். முன்கதவில் தூண்கள் வைத்த பெரிய வீடு, அதற்குள் நடக்கும் ஸ்பானிய வாடை அடிக்கும் பேச்சு, வெளியே வெட்டும் ஆட்கள். அறுவடைக்காலத்தில் பனாய் தீவிலிருந்து, முக்கியமாக அன்டிகே பகுதியிலிருந்து, சகாதா என்னும் கூலிகள் கப்பலேறி வருவார்கள். கரும்பு ஆலைகள் ஓடுவது ஏறக்குறைய அக்டோபரிலிருந்து மே வரை. அதற்குப் பிறகு நடவு முடிந்து அடுத்த அறுவடை வரை வேலையும் இல்லை, கூலியும் இல்லை. அந்த மாதங்களுக்குச் செத்த காலம் என்றே பெயர், தியெம்போ முவெர்தோ. கடையில் கடன், அரிசிக்குப் பதில் கிழங்கு. 1980களின் நடுவில் உலகச் சந்தையில் சர்க்கரை விலை விழுந்தபோது இங்கே குழந்தைகள் பட்டினியில் வாடியது உலகச் செய்தியானது. 1988இல் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. நிலம் கைக்கு வருவதற்குள் ஒரு தலைமுறை வழக்காடியே கழிந்த குடும்பங்களும் உண்டு.

இப்போது அந்தப் பண்ணைக் காதலைத் திரும்பப் படியுங்கள். மலிவான கதையில் அவன் ஜீப்பில் வருவான், அவள் புழுதியில் நிற்பாள், கடைசியில் அவள் பெரிய வீட்டுக்குக் குடிபோவாள். நிலம் யாருடையது என்ற பேச்சே வராது. நல்ல கதையில் காதல் அறுவடையின்போது தொடங்கி ஜூலையில் சோதிக்கப்படும். அவன் விருந்தில் இருக்கும்போது அவள் வீட்டில் கடைக்கார அம்மாள் கடன் நோட்டைத் திறப்பாள். அவளுடைய அண்ணன் நிலப் பட்டியலில் பெயர் போட்டிருப்பான், அதே நிலத்தை அவனுடைய அப்பா நீதிமன்றத்தில் காப்பாற்றிக்கொண்டிருப்பார். முத்தக் காட்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதைப் படித்து முடித்துவிடுவேன்.

"சிக்கலான நேரத்துல கரெக்டா புயல் வந்துடுதே?"

வருடத்துக்குச் சுமார் 20 புயல்கள் அந்த நாட்டின் கண்காணிப்பு எல்லைக்குள் வருகின்றன. எச்சரிக்கை எண் ஏற்றினால் படகுகள் நிற்கும், துறைமுகத்தில் நூற்றுக்கணக்கானோர் மூட்டையோடு காத்திருப்பார்கள். ஆகவே தீவு ஊரில் மாட்டிக்கொள்வது நம்பக்கூடிய விஷயம்தான். ஆனால் ஓர் எல்லை உண்டு. 2013 நவம்பர் 8ஆம் தேதி ஹையான் புயல் டக்லோபானையும் சுற்றுவட்டாரத்தையும் அழித்தது, ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். லெய்தே, சாமார் பகுதியில் கதையை வைத்து, காதலர்களை ஒரே கூரையின் கீழ் சேர்க்க மட்டும் புயலைக் கூப்பிட்டால் அந்த ஊர்க்காரர் யாரும் மன்னிக்க மாட்டார்.

"ஊர்ப் பெயரைத் தேடினா மேப்ல கிடைக்கலையே?"

பல ஊர்கள் கற்பனை. சான் ஏதோ, சாந்தா ஏதோ என்று புனிதர் பெயர் வைத்தால் போதும், நம்பத் தோன்றும். நிஜமாகவே சான் ஹோசே, சாந்தா குரூஸ் என்ற பெயரில் பல ஊர்கள் இருக்கின்றன. ரிசாலின் சான் தியேகோவும் இந்த வகைதான். வேறொரு காரணமும் உண்டு. சிற்றூரில் மேயர் குடும்பம் ஒன்றுதான் இருக்கும், சில இடங்களில் மூன்று தலைமுறையாக. ஊர் பெயரை எழுதி மேயர் மகனை வில்லனாக்கினால் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அவதூறு அங்கே குற்றவியல் வழக்கு வேறு.

"எழுதுறவங்க எல்லாம் மணிலாவில் உட்கார்ந்துகிட்டு ஊரை அழகா காட்டுறாங்கன்னு ஒரு குற்றச்சாட்டு. சரியா?"

பாதி சரி. அர்கில்லா மணிலாவில் படித்து வேலை பார்த்தவர். பெனிதெஸ் லூசெனாவில் பிறந்து, மணிலாவில் பல்கலைக்கழக ஆசிரியராக இருந்தவர். இருவருக்கும் ஊர் என்பது விட்டு வந்த இடம், ஆகவே ஒளி கொஞ்சம் கூடுதலாகவே விழும். பன்னவாக், பிசாயா போன்ற இதழ்களில் எழுதுகிறவருக்கு வாசகர் ஊரிலேயே இருக்கிறார், ஏமாற்ற முடியாது. என் அனுபவத்தில் வித்தியாசம் இப்படித் தெரிகிறது: முதல் வகையில் நாயகி அறுத்த வைக்கோலின் வாசனையைக் கவனிப்பாள், இரண்டாம் வகையில் நெல்லுக்கு இந்த முறை என்ன விலை என்று கேட்பாள். இரண்டிலும் நல்ல கதைகள் உண்டு. வாசனை மட்டுமே இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

"கடைசியில் சேரணும்னு கட்டாயமா?"

பாக்கெட் நாவலிலும் ரொமான்ஸ்கிளாஸ் வகையிலும் ஆமாம், வாசகர் அதற்குத்தான் காசு கொடுக்கிறார். இலக்கியச் சிறுகதைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் எந்த வகையிலும், சேர்வார்களா என்பதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றும் கேள்வி, சேர்ந்தால் யார் ஊரில் இருப்பது, யார் போவது என்பதுதான். அவள் செவிலியர், ரியாத்தில் ஒப்பந்தம் தயார். அவனுக்கு மூன்று ஏக்கர் நெல்லும் படுத்த படுக்கையாக அம்மாவும். அவள் ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டால் கைதட்டல் வரும், ஆனால் அவளுடைய தம்பிகளின் பள்ளிக் கட்டணத்தை யார் கட்டுவது? இதைக் கேட்காமல் முடிகிற கதை, முடிந்த மாதிரி நடிக்கிறது.

பெருந்தொற்றுக்குப் பிறகு நிறைய நாயகர்கள் வீட்டிலிருந்தே கணினி வேலை செய்கிறார்கள். இணையம் கிடைத்தால் போதும், ஊரும் காதலும் சம்பளமும் ஒன்றாக அமைந்துவிடும். எனக்கு இது கொஞ்சம் அதிகச் சுலபமாகப் படுகிறது.

"நான் அங்க போனதே இல்லை. இந்த மாதிரி ஒரு கதை எழுதிப் பார்க்கலாமா?"

தாராளமாக. ஆனால் "பிலிப்பைன்ஸ் கிராமம்" என்று எழுதாமல் ஒரு மாகாணத்தைத் தேர்ந்தெடுங்கள். அங்கே பேசும் மொழி எது, அறுவடை எப்போது, ஊர்ப் புனிதரின் நாள் எது, மணிலாவிலிருந்து பஸ்ஸா படகா என்று பாருங்கள். செபுவில் இருக்கும் பாத்திரத்தை வார்த்தைக்கு வார்த்தை 'போ' போட்டுப் பேச வைக்காதீர்கள், அது தகாலோக் மரியாதைச் சொல், செபுவானோவில் கிடையாது. பெண் வயது 25க்குக் கீழே என்றால் மேலே சொன்ன சட்டப் பதிலை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். இறுதிக் காட்சியில் இருவரும் கடற்கரையில் சூரிய அஸ்தமனம் பார்க்கிறார்கள் என்றால் ஊர் எந்தக் கரையில் இருக்கிறது என்று பாருங்கள். கிழக்குச் சாமாரில் போரோங்கான் மாதிரி ஊரை எடுத்துக்கொண்டால் எதிரில் பசிபிக். அங்கே சூரியன் மலைக்குப் பின்னால்தான் போகும், கடலில் பார்க்க வேண்டுமானால் இருவரையும் காலை ஐந்து மணிக்கு எழுப்ப வேண்டும்.